மாதோட்டத்துக்கு வண்டி கட்டுதல்: வடபுல நெடும்பயணமும் அதன் ஆயத்தமும்

மன்னார் வீதிகளில் இன்று இருவகை நெடும்பயண வாகனங்களைக் காணலாம். ஒன்று பழையது. சிவராத்திரிக்கோ வைகாசித் திருவிழாவுக்கோ திருக்கேதீஸ்வரம் வரும் குடும்ப வான் அது. கூரைக் கரியரில் கிடாரமும் பாய்க்கட்டும் இருக்கும், சீற்றுக்கடியில் அரிசிச் சாக்கும் தேங்காயும் இருக்கும், உள்ளே மூன்று தலைமுறை நெருங்கி உட்கார்ந்திருக்கும். மற்றது புதியது. கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்திய கேம்பர் வானை வாடகைக்கு எடுத்து, கொழும்பிலிருந்து புறப்பட்டு, மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று இரண்டு மூன்று வாரம் வண்டியிலேயே சமைத்து உறங்கிச் சுற்றுகிறவர்களுடையது. இவர்களில் கணிசமானோர் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம்மவர்கள். பழைய வானில் வருகிறவர்களுக்கு ஆயத்தம் என்பது வீட்டுப் பெண்களின் கைப்பழக்கம். புதிய வானில் வருகிறவர்களுக்கு அது பெரும்பாலும் வேறு தேசத்துக்காக எழுதப்பட்ட பட்டியல். திருக்கேதீஸ்வரத்தைச் சூழ்ந்த மாதோட்டக் கரையோரம் போன்ற வறண்ட, ஆள்குறைந்த வடபுலத்தில் பல நாள் வண்டியில் வாழ்ந்து பயணிக்க உண்மையில் என்ன ஆயத்தம் வேண்டும் என்பதையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

வேறு தேசத்துப் பட்டியல் எப்படிப் பிறந்தது என்பதை முதலில் பார்ப்போம். வட அமெரிக்காவின் அலாஸ்கா நெடுஞ்சாலை 1942இல் போர்த் தேவைக்காக வெட்டப்பட்டது. அதன் நீளம் 2,200 கிலோமீற்றருக்குக் குறையாது. கனடாவின் வடமேற்கில் உள்ள டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை 1979இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 740 கிலோமீற்றர் சரளைப் பாதையான அதில், தெற்கிலிருந்து போகிறவருக்கு முதல் எரிபொருள் கிடைப்பது ஏறக்குறைய பாதி வழியில்தான். ஆகவே அங்கே ஆயத்தம் என்றால் முதலில் டீசல், அடுத்து இரண்டு மேலதிக ரயர், பிறகு குளிர் உடை. அங்கே எதிரி தூரம். தண்ணீருக்கு ஆறும் ஏரியும் வழியெல்லாம் உண்டு.

மாதோட்டத்தில் இந்தக் கணக்குத் தலைகீழாகிறது. கொழும்பிலிருந்து திருக்கேதீஸ்வரம் சுமார் 300 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக வந்தால் சுமார் 110. ஒரு தாங்கி டீசலில் போய்த் திரும்பலாம். தூரம் இவ்வளவு சிறியது என்பதாலேயே பலர் ஆயத்தமின்றிப் புறப்படுகிறார்கள். என் கருத்தில், இந்தக் கரையில் பயணத்தைத் தீர்மானிப்பவை மூன்று: தண்ணீர், மாதம், இரவில் வண்டி நிற்கும் நிலம். இருநூறு ஆண்டுகளாக இவ்வழியே போன ஒவ்வொரு கூட்டத்தின் கதையும் இந்த மூன்றையே சுட்டுகிறது.

மாட்டு வண்டில்காரர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மாதோட்டம் போகக் கேரதீவில் கடல்நீரேரியைக் கடந்து சங்குப்பிட்டியில் கரையேற வேண்டும். பிறகு பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று காடும் களியும் உவர்நிலமும் மாறிமாறி வரும். கூடார வண்டிலின் அடியில் அரிக்கன் லாம்பு தொங்கும், பின்புறம் வைக்கோல் கட்டு இருக்கும். வெயில் ஏறுமுன் ஒரு குளக்கட்டில் மாட்டை அவிழ்ப்பார்கள். பகல் முழுவதும் மருதமர நிழலில் சமையலும் உறக்கமும், வெயில் தணிந்தபின் மீண்டும் ஓட்டம். நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை மாட்டின் களைப்பும் அடுத்த குளத்தின் இடமும் முடிவு செய்தன. குளத்திலிருந்து குளத்துக்கு என்பதே அவர்களுடைய வரைபடம். இன்றைய வான்காரருக்கு நான் சொல்லக்கூடிய முதல் ஆலோசனையும் அதுவே. பயணத் திட்டத்தை ஊர்களைக் கொண்டு போடாமல் தண்ணீர் கிடைக்கும் இடங்களைக் கொண்டு போடுங்கள்.

அந்த வண்டில்களின் இலக்கான திருக்கேதீஸ்வரக் கோயிலே நெடுங்காலம் காட்டுக்குள் கிடந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலம் போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டது. 1872இல் ஆறுமுக நாவலர் இதை மீட்டெடுக்குமாறு சைவ மக்களை வேண்டினார். 1893இல் நிலம் வாங்கப்பட்டது. 1948இல் சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று திருப்பணிச் சபை அமைந்த பின்னரே பெரிய அளவில் கட்டட வேலைகள் நடந்தன. மடங்களும் எழுந்தன. அடியார் வந்தால் தலைசாய்க்க ஒரு திண்ணையும் ஒரு கிணறும் வேண்டும் என்று கோயிலோடு சேர்த்தே நினைத்தவர்கள் அவர்கள். யாத்திரைக்குரிய ஆயத்தத்தில் பாதியைப் போகிற இடம் செய்துவைக்க வேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் தெளிவு. இன்று நாம் இழந்திருப்பது பெரும்பாலும் இதைத்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆயத்தமில்லாத பயணத்தின் மிகக் கொடிய சான்றும் இதே கரையில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் தலைமன்னாரிலும் அரிப்பிலும் மன்னார்க் கரையோரத்திலும் இறங்கி, காட்டினூடாக மாத்தளை வரை நடந்தார்கள். வடக்குப் பாதை என்று அறியப்பட்ட அவ்வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் பல்லாயிரம் பேரைக் கொன்றன. நடக்க முடியாதவர்கள் வழியோரத்தில் விடப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்தது ஒரு துணிமூட்டையும் கொஞ்ச அரிசியும்தான், இறங்கிய கரையோ அவர்களுக்கென எதையும் வைத்திருக்கவில்லை. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் தங்கு கொட்டகைகளும் கிணறுகளும் மருத்துவ வசதிகளும் அமைக்கப்பட்டன என்றாலும், அவை அமையுமுன் போனவர்களுக்கு அவற்றால் பயனில்லை. இன்று குளிரூட்டிய வானில் தள்ளாடியிலிருந்து மதவாச்சி வரை ஒன்றரை மணி நேரத்தில் ஓடுகிறோம். அந்த வழியில் அழுக்குக் குளத்து நீர் எத்தனை பேரைக் கொன்றது என்பதை அறிந்தவர் எவரும் போத்தலில் என்ன நிரப்புகிறோம் என்று பாராமல் நிரப்பமாட்டார்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில், வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைத்தது. தோணிக்காரர், சுழியோடிகள், வணிகர், செட்டிமார், சமையற்காரர் என்று பல்லாயிரம் பேர். 1906ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பில் இளம் அரச அதிகாரியாகப் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் அதைப் பற்றி எழுதினார். குடிசை வரிசைகள், பொலிஸ், நீதிமன்றம், வைத்தியசாலை, குடிநீர் எல்லாம் ஆட்கள் வருமுன்னே ஒழுங்குசெய்யப்பட்டன. சிப்பிகள் அழுகும் நாற்றத்தின் நடுவே அத்தனை பேர் வாழ முடிந்தது அந்த ஏற்பாட்டால். அரசுக்கு முத்தில் வருமானம் இருந்தது, ஆகவே செய்தது. தோட்டத் தொழிலாளி நடந்த பாதை அதே கரையோரம், அதே அரசு. எதை யாருக்காக ஆயத்தம் செய்வது என்பது எப்போதும் அதிகாரத்தின் முடிவாகவே இருந்திருக்கிறது.

அடுத்த கூட்டத்தைப் பற்றி எழுதாமல் இந்த வழிகளைப் பற்றி எழுதுவது சரியாகாது. 2007, 2008 ஆண்டுகளில் போர் மன்னாரிலிருந்து வடக்கே நகர்ந்தபோது, மாந்தை மேற்கு மக்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் வீட்டை ஏற்றினார்கள். கூரைத் தகரம், கதவு நிலை, நெல்மூட்டை, கோழிக்கூடு, தையல் இயந்திரம், முதியவர், குழந்தை எல்லாம் ஒரே பெட்டியில் போயின. அடம்பனிலிருந்தும் விடத்தல்தீவிலிருந்தும் வெள்ளாங்குளத்துக்கு, அங்கிருந்து கிளிநொச்சிக்கு, அங்கிருந்து கிழக்கே கடற்கரை வரை. ஒவ்வொரு தரிப்பிலும் பெட்டியிலிருந்து ஏதோ ஒன்று குறைந்தது. கடைசியில் பலர் கையில் ஒரு பையோடு மட்டும் வெளியேறினர். சக்கரத்தின் மேல் வாழ்வதில் இலங்கையில் மிக நீண்ட அனுபவம் உள்ளவர்கள் இவர்களே. பூநகரி வழியே மன்னாருக்கு வரும் ஏ32 வீதியோரத்தில் இன்று தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் எது முதலில் தீரும், எது கடைசிவரை தேவைப்படும் என்று கேட்டால், எந்தப் பயண நூலிலும் கிடைக்காத விடை கிடைக்கும். பொழுதுபோக்காக வண்டியில் உறங்க வரும் நாம் அந்த மண்ணில் பணிவோடு இறங்க வேண்டும்.

இனி இன்றைய வழிகள். திருக்கேதீஸ்வரம் மன்னார்த் தீவில் இல்லை. தீவுக்கு எதிரே பெருநிலத்தில், பாலாவித் தீர்த்தக் கரையில் இருக்கிறது. தெற்கிலிருந்து வருவோருக்கு ஏ14: மதவாச்சி, செட்டிகுளம், மடுச் சந்தி, முருங்கன், உயிலங்குளம், தள்ளாடி. வவுனியாவிலிருந்து வருவோர் ஏ30இல் பறயனாலங்குளம் வந்து அதில் சேர்வார்கள். வடக்கிலிருந்து ஏ32. சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறந்தபின் யாழ்ப்பாணத்தார் வவுனியாவைச் சுற்ற வேண்டியதில்லை. தீவுக்குள் போகச் சுமார் 3 கிலோமீற்றர் தாம்போதி உண்டு. 1990இல் தகர்ந்த பாலத்துக்குப் பதிலாகப் புதியது 2010இல் வந்தது. புத்தளத்திலிருந்து எழுவன்குளம் வழியே வில்பத்துக் காட்டினூடாக வரும் பழைய பாதை தூரத்தைக் குறைக்கும். ஆனால் அது தேசிய பூங்காவுக்குள் செல்வது, நீதிமன்றம் வரை போன விவாதத்துக்குரியது, மழையில் கலா ஓயா சப்பாத்துப் பாலம் மூழ்குவது. படுக்கை வான்களுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வழிகளெல்லாம் இப்போது காப்பெற் வீதிகள். இதுவே ஓர் ஆபத்து. ஏ32 நேராகவும் வெறுமையாகவும் ஓடுவதால் சாரதிக்குத் தூக்கம் வரும், வேகம் தெரியாது. மாலையில் மாடுகள் வீதியின் சூட்டுக்குப் படுத்திருக்கும். மன்னார் நகரைச் சுற்றிக் கழுதைகள் கூட்டமாக நிற்கும், அவற்றின் நிறம் இருளோடு கலந்துவிடும். செட்டிகுளம், மடுப் பக்கத்தில் யானை. இருட்டியபின் இந்த வழிகளில் ஓடுவதில்லை என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. வழியில் எடுக்கும் முடிவைக் களைப்பு மாற்றிவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் ஓராளுக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு 3 அல்லது 4 லீற்றர் வேண்டும். சமையலும் பாத்திரமும் முகம் கழுவலும் சேர்ந்தால், மிகச் சிக்கனமாகப் பாவித்தாலும் 10 லீற்றரில் வந்து நிற்கும். ஆறு பேருக்கு இரண்டு நாளுக்கு 120 லீற்றர், அதாவது 120 கிலோ. வளர்ந்த இரண்டு பேரின் எடை. இதைக் கூரையில் ஏற்றினால் வண்டியின் பாரம் மேலே போய்த் திருப்பங்களில் சாயும். பின் அச்சுக்கு அப்பால் வைத்தால் முன்சக்கரத்தின் பிடி குறையும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தரையோடு, சிறுசிறு கலன்களாகப் பிரித்துக் கட்டுவதே முறை. ஒரு கலன் உடைந்தாலோ பழுதானாலோ மற்றவை மிஞ்சும்.

எங்கே நிரப்புவது என்பது அடுத்தது. மன்னார்த் தீவு மணற்றீவு. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். ஏறிய உவர் அடுத்த மாரி வரை இறங்காது. ஆகவே ஓகஸ்ட் மாதத்தில் தீவிலுள்ள ஒரு கிணற்றில் மோட்டரைப் போட்டு வண்டித் தாங்கியை நிரப்புவது, அந்த வீட்டாரின் குடிநீரை எடுப்பதுதான். கேட்டால் தருவார்கள், இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. அதனாலேயே கேட்கக் கூடாது. தெற்கிலிருந்து வருவோருக்கு மதவாச்சி நல்ல இடம். காரணம் துயரமானது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட, காரணம் முற்றாகத் தெளியாத சிறுநீரக நோய் அப்பகுதியைக் கடுமையாகத் தாக்கியது. நிலத்தடி நீரின்மேல் எழுந்த அச்சத்தால் ஊர்தோறும் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. குறைந்த விலைக்குக் கலன் கலனாக நிரப்பலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். பூநகரிப் பக்கத்து உவர்க் கிணறுகளை நம்ப முடியாது.

மாதத்துக்கு வருவோம். மன்னாரின் ஆண்டு மழை சுமார் 1,000 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். அக்காலத்தில் ஏ32ஐக் குறுக்கறுக்கும் பாலியாறும் பறங்கியாறும் பெருகும், தாழ்நிலம் ஏரியாகும். உள்ளூரில் மழையே இல்லாத நாளிலும் வெள்ளம் வரலாம். அநுராதபுரத்தைத் தாண்டி வரும் மல்வத்து ஓயாதான் இங்கே அருவியாறு. மேலே பெய்தது இரண்டொரு நாளில் இங்கே வந்துசேரும். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல் தலைமன்னாரையும் அடித்தது. 2025 நவம்பரின் கடைசியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்து, மன்னார்த் தாழ்நிலங்களையும் மூழ்கடித்தது. மாரியில் படுக்கை வானோடு இந்தப் பக்கம் வருவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றான சோளகம். மன்னாரில் 103.5 மெகாவாட் காற்றாலைப் பண்ணை 2020இல் நிறுவப்பட்டது ஏன் என்பதை அந்த மாதங்களில் தாம்போதியில் வண்டி ஓட்டினால் உடனே அறியலாம். உயரக் கூரை வான் பக்கவாட்டில் தள்ளப்படும், கூரைக் கரியரில் கட்டியவை அவிழும், திறந்த வெளியில் அடுப்பு நிற்காது. மணல் எல்லாவற்றுக்குள்ளும் போகும். இயந்திரத்தின் காற்று வடிகட்டியைத் தட்டித் துடைக்க வேண்டிவரும். ஓகஸ்ட் 15இல் மடுத் திருவிழாவுக்கு வருவோர் இந்தக் காற்றையும் வெயிலையும் ஏற்றுக்கொண்டே வருகிறார்கள். என்னைக் கேட்டால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை உள்ள காலமே உகந்தது. குளங்கள் நிறைந்திருக்கும், வங்காலைச் சரணாலயத்தின் நீர்ப்பரப்பில் வலசைப் பறவைகள் இருக்கும், சிவராத்திரியும் அதற்குள் வரும்.

வண்டி. 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், வாடகைக்குக் கிடைக்கும் வான்களில் பெரும்பாலானவை முதிர்ந்தவை. பழைய ஹையேஸ் என்றால் உதிரிப்பாகம் மன்னாரிலும் வவுனியாவிலும் கிடைக்கும், பழுதுபார்க்கத் தெரியாத கராச் கிடையாது. அபூர்வமான வெளிநாட்டு வான் என்றால் ஒரு பெல்ற் அறுந்தாலும் கொழும்பிலிருந்து வர வேண்டும். அழகைவிட இது முக்கியம். கட்டிலும் அடுப்பும் பொருத்தி வாகனத்தை மாற்றியமைத்திருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவோர் தம் நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் போதும் என்று எண்ணக் கூடாது. இலங்கையில் ஓட்ட இங்குள்ள அங்கீகாரமும் வேண்டும். ரயர், ஜக், இழுவைக் கயிறு, மணலில் புதைந்தால் சக்கரத்தின் கீழ் இட இரண்டு பலகையும் சாக்கும். இவ்வளவு போதும். 2022இன் எரிபொருள் வரிசைகளை நினைவில் வைத்திருப்போர் கலன்களில் டீசல் கொண்டுபோக விரும்புவர். படுத்துறங்கும் வண்டிக்குள் அது கூடாது. புறப்படும் நகரத்திலேயே தாங்கியை நிரப்பினால் தேவையும் இல்லை.

எரிவாயு சிலிண்டரிலும் அதே கவனம் வேண்டும். மூடிய வான் நண்பகலில் எவ்வளவு சூடாகும் என்பதை அறிந்தவர்கள், சிலிண்டரை வெளிக்காற்றுப் படும் பெட்டியில் வைப்பார்கள், உறங்குமுன் வால்வைப் பூட்டுவார்கள், வண்டிக்குள் சமைக்கமாட்டார்கள். சமைக்காமலே கழிக்கக்கூடிய முதல்நாள் உணவு நம்மிடம் தாராளமாக உண்டு. புளிச்சோறு, பொரிவிளாங்காய், எள்ளுப்பாகு, பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி. இடியப்பமும் சொதியும் வெயிலில் நிற்காது. கோயிலுக்கென்று புறப்பட்ட வண்டியில் மச்சம் ஏற்றாத வழக்கத்துக்குப் பக்தியோடு ஒரு நடைமுறை நன்மையும் சேர்ந்திருக்கிறது: கெடக்கூடியது எதுவும் வண்டியில் இல்லை.

இரவில் வண்டி எங்கே நிற்பது? வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் இடமெல்லாம் யாருமற்ற இடம் அன்று. வங்காலை 2008 முதல் சரணாலயம். ஆதாம் பாலமும் மடு வீதிக் காடும் 2015இல் தேசிய பூங்காக்கள் ஆயின. விடத்தல்தீவுக் கண்டல் நிலம் 2016இல் இயற்கை ஒதுக்கமானது. கரையோரத்தில் மீனவர் வாடிகளும் கரைவலைப் பாடுகளும் உள்ளன. அவை உரிமையாளர் உள்ள இடங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக மிதிவெடி. மாந்தை மேற்கும் மன்னாரின் நெல்வயற் பகுதிகளும் ஒரு காலத்தில் செறிவாக வெடி விதைக்கப்பட்ட நிலம். ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற அமைப்புகளும் இராணுவத்தின் பிரிவும் ஆண்டுக்கணக்கில் அகற்றிவருகின்றன. 2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, முற்றாக அகற்றி முடிக்க 2028 என்று கெடு. அதுவரை, சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாவிட்டாலும், ஆள் நடமாடாத பற்றைக்குள் வண்டியை விடக் கூடாது, விறகு பொறுக்கப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது.

பாதுகாப்பான இடம் எப்போதும் ஆட்கள் உள்ள இடமே. கோயில் மடம், தேவாலய வளாகம், பாடசாலை மைதானம், கேட்டுப் பெற்ற ஒரு வீட்டு முற்றம். மடுத் தேவாலயம் இதில் பெரிய முன்னுதாரணம். 1670இல் மாந்தையிலிருந்து ஒல்லாந்தருக்குத் தப்பி மாதாவின் திருச்சொரூபம் காட்டுக்குள் போனது. அதன்பின் வளர்ந்த அந்தத் தலத்துக்கு ஆண்டுதோறும் தமிழரும் சிங்களவரும் லொறியிலும் வானிலும் வந்து, மரங்களின் கீழ்க் கூடாரமடித்து நாட்கணக்கில் தங்குகிறார்கள். இந்நாட்டின் மிகப் பெரிய வாகன முகாம் அது என்றே சொல்லலாம். அங்கே தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும் மருத்துவக் கொட்டிலும் இருப்பதால் அது நடக்கிறது.

படுக்கும் முறையும் கவனிக்க வேண்டியது. வெப்பத்துக்குப் பயந்து பலர் வண்டிக்கு வெளியே பாய் விரிக்கிறார்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும், அந்தக் கடி வலிப்பதுகூட இல்லை. வண்டிக்குள்ளோ மடத்துத் திண்ணையில் செருகிய நுளம்பு வலைக்குள்ளோதான் படுக்க வேண்டும். இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், நகர்ப்புறத்தில் மலேரியாவைப் பரப்பவல்ல ஸ்டீபன்சி நுளம்பு முதன்முறையாக மன்னார்த் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே வலை ஆடம்பரம் அன்று. யானை நடமாடும் பக்கத்தில் உப்பு, நெல், வாழைப்பழம் ஆகியவற்றை வெளியே வைக்கக் கூடாது, மணம் அதை அழைத்துவரும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசரிய அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கு விரிந்தது. ஆனால் தொலைபேசிச் சமிக்ஞை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. முருங்கன், அடம்பன், முழங்காவில் வைத்தியசாலைகளும் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையும் எங்கே இருக்கின்றன என்பதைச் சாரதி மட்டுமன்றி வண்டியிலுள்ள எல்லோரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

பயண ஆலோசனைகளில் அரிதாகவே பேசப்படுவது மலசலகூடம். ஏ32இல் பூநகரிக்கும் மாந்தைக்கும் இடையில் ஒரு பெண் கூச்சமின்றி, சுத்தமாகப் போய்வரக்கூடிய பொது இடங்கள் மிகக் குறைவு. அதனால் நம் அம்மாமாரும் அக்காமாரும் பயண நாளில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மிகக் கடும் வெயிலில், தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டிய நாளில். கேம்பர் வான்காரர் உள்ளேயே மலசலப் பெட்டி வைத்திருப்பதால் தப்பித்தோம் என்று எண்ணலாம். பெட்டி நிறைந்ததும் அதை எங்கே கொட்டுவது? கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அதற்கென்று முகாம்களிலும் நகரங்களிலும் குழிகள் உண்டு. இங்கே எனக்குத் தெரிந்து அப்படி ஒன்றும் கிடையாது. ஆகவே அது இரவில் எங்காவது வாய்க்காலில் போகிறது. பாலாவியின் கரையிலிருந்து அடியார்கள் தீர்த்தம் மொண்டு மகாலிங்கத்துக்கு அபிடேகம் செய்கிறார்கள். அந்த நீரேந்து நிலத்தில் இப்படி ஒரு பெட்டியாவது கவிழ்க்கப்படுவதை நினைக்கவே நெஞ்சு பொறுக்கவில்லை. சிவராத்திரி மறுநாள் வீதியோரம் குவியும் பிளாஸ்ரிக் போத்தல்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். கொண்டுவந்த பையில் அவற்றைத் திருப்பிக் கொண்டுபோகப் பயணியால் முடியும். கழிவுத் தாங்கியை அப்படி யாழ்ப்பாணம் வரை சுமக்க முடியாது.

மடங்களைக் கட்டிய தலைமுறையின் வேலையை இன்றைய வடிவில் யாராவது தொடர வேண்டிய இடம் இது. பெரிய விடுதிகள் தேவையில்லை. திருக்கேதீஸ்வரம் சந்தியிலும் மடுச் சந்தியிலும் முழங்காவிலிலும் ஒவ்வொரு தரிப்பிடம். அதில் நிழல்மரம், மாரிக் கூரைநீரைச் சேர்க்கும் தாங்கி, பூட்டுள்ள பெண்கள் மலசலகூடங்கள், வண்டிக் கழிவை இறக்க மூடிய குழி, இரவுக்கு ஒரு காவலாளி. ஒரு வானுக்கு இரவுக் கட்டணம் வாங்கலாம். காலையில் புட்டும் சம்பலும் விற்கும் உரிமையை அந்தந்த ஊர்ப் பெண்கள் சங்கத்துக்குக் கொடுக்கலாம். கழிவுக் குழியை வெறுமையாக்கும் பவுசர் மன்னாரிலிருந்து மாதம் ஒருமுறை வந்தால் போதும். மன்னார், மாந்தை மேற்கு, பூநகரிப் பிரதேச சபைகள் சேர்ந்து திட்டமிட்டால், சோளகம் தணிந்து மாரி தொடங்குமுன் உள்ள வாரங்களில் குழி வெட்டி, கூரை போட்டு, முதல் மழையையே தாங்கியில் பிடித்துவிடலாம்.